வடக்கிலிருந்து கடலுக்கு: கானாவின் பழைய பாதை

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி வளைகுடாவை ஒட்டி, ஐவரி கோஸ்ட்டுக்கும் டோகோவுக்கும் நடுவே இருக்கும் நாடு கானா. பரப்பளவு 2,38,533 சதுர கிலோமீட்டர். தெற்கே கடற்கரை, நடுவே மழைக்காடு, வடக்கே மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளி என்று நிலம் மூன்று பட்டைகளாக விரிகிறது. காட்டில் தங்கமும் கோலாக் கொட்டையும் கிடைத்தன. சகாராவைக் கடந்து வந்த வணிகர்களிடம் உப்பும் துணியும் இருந்தன. இவ்விரண்டையும் இணைத்த பாதைகளின் ஓரத்தில்தான் கானாவின் பழைய ஊர்களும் அரசுகளும் எழுந்தன. 1482இல் போர்ச்சுக்கீசியர் கடற்கரையில் கோட்டை கட்டிய பிறகு, அதுவரை வடக்கு நோக்கி நடந்த வணிகம் மெல்லக் கடல் பக்கம் திரும்பியது. முதலில் தங்கம் போனது. பிறகு மனிதர்களே சரக்காகப் போனார்கள்.

இன்றைய சுற்றுலாத் திட்டங்கள் பெரும்பாலும் தலைநகர் அக்ராவில் தொடங்கி, சில மணி நேரத்தில் எட்டிவிடும் கடற்கரைக் கோட்டைகளோடு முடிந்துவிடுகின்றன. கோட்டைகளைப் பார்க்காமல் கானாவைப் புரிந்துகொள்ள முடியாது, அதில் ஐயமில்லை. ஆனால் அவை ஒரு நீண்ட பாதையின் கடைசி வாசல்கள். அந்தப் பாதையின் மறுமுனை புர்கினா ஃபாசோ எல்லையில் இருக்கிறது. கானாவின் இடங்களை அதே வரிசையில், வடக்கிலிருந்து தெற்காகப் பார்ப்பதுதான் அந்த நாட்டுக்கும் அதன் வரலாற்றுக்கும் நியாயம் செய்யும்.

எல்லையில் ஓர் ஊர்

பாகா ஒரு எல்லைச் சிற்றூர். இங்கு வாழும் கசேனா மக்களின் வீடுகள் மண்ணால் ஆனவை. வட்டமும் செவ்வகமுமான அறைகள் ஒரே மதிலுக்குள் கூடி நிற்கும். பழைய வீடுகளின் வாசல் இடுப்பளவே இருக்கும். குனிந்து நுழைபவர், உள்ளே ஒரு தாழ்ந்த சுவரையும் தாண்டிய பிறகே நிமிர முடியும். ஆயுதத்தோடு வருகிற அந்நியனை அந்த ஒரு நொடியில் மடக்கிவிடலாம். ஆள்பிடிக்கும் கும்பல்கள் குதிரையில் திரிந்த நாட்டில், வீட்டின் வடிவத்தை அச்சமே தீர்மானித்தது. எல்லைக்கு அப்பால் புர்கினா ஃபாசோவில் இதே மக்களின் தியெபெலே அரச வளாகம் 2024இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

பாகாவின் குளங்களில் முதலைகள் வாழ்கின்றன. ஊர் மக்களின் உயிர்கள் அந்த முதலைகளோடு பிணைந்தவை என்பது நம்பிக்கை. அவற்றைக் கொல்வதும் உண்பதும் விலக்கு. பெண்கள் துணி துவைக்கும் கரையிலேயே முதலைகள் வெயில் காய்கின்றன. பயணிகள் கோழிக்குஞ்சு ஒன்றை வாங்கிக் கொடுத்து, முதலையின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வது இங்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்தைவிட, முதலையைக் காக்கும் அந்த விலக்குதான் கவனிக்க வேண்டியது.

ஊருக்கு வெளியே நானியாவில் பிக்வோரோ என்ற பாறைவெளி இருக்கிறது. வடக்கே பிடிபட்டவர்கள் தெற்குச் சந்தைகளுக்கு நடத்தப்படும் முன் இங்குதான் அடைத்து வைக்கப்பட்டார்கள். பாறையில் வரிசையாகக் குடைந்த குழிகள் அவர்களுக்குச் சோற்றுத் தட்டுகளாக இருந்தன. தண்டனைப் பாறை என்று ஒன்றை வழிகாட்டிகள் காட்டுகிறார்கள். கல்லைக் கொண்டு தட்டினால் பறைபோல் ஒலிக்கும் பாறையும் உண்டு. சுவரோ கூரையோ இல்லாத இந்த வெளியில் பார்வையாளர் கூட்டம் குறைவு. கடற்கரைக் கோட்டையான கேப் கோஸ்ட்டின் நிலவறைகளுக்குச் செல்பவர்கள் இதை முதலில் பார்த்திருந்தால், அங்கே வந்து சேர்ந்தவர்கள் எத்தனை நூறு கிலோமீட்டர் நடந்து வந்தவர்கள் என்பது கால்களுக்கே புரிந்திருக்கும்.

எதிர்த்து நின்றதற்கும் தடயம் இருக்கிறது. மேற்கே குவோல்லு என்னும் ஊரில், ஆள்பிடிப்பவர்களைத் தடுக்க 19ஆம் நூற்றாண்டில் ஊர்த்தலைவர் எழுப்பிய மண்மதிலின் பகுதிகள் இன்றும் நிற்கின்றன. பின்னாளில் கானாவின் அதிபராக இருந்த ஹில்லா லிமான் இந்த ஊர்க்காரர்.

பாகாவுக்கு அருகில் சிரிகு என்ற ஊர் பெண்களின் சுவரோவியத்துக்குப் பெயர் பெற்றது. செம்மண்ணிலிருந்து சிவப்பு, அரைத்த கல்லிலிருந்து கறுப்பு, மென்மையான வெள்ளைக் கல்லிலிருந்து வெள்ளை என்று மூன்றே நிறங்கள். மலைப்பாம்பு, முதலை, மாடு, சுரைக்குடுவைத் துண்டுகளின் முக்கோண வடிவம் ஆகியவை சுவரில் ஏறுகின்றன. கடைசியாக தவாதவா மரத்தின் நெற்றுகளைக் கொதிக்க வைத்த நீரைப் பூசுவார்கள். மழையில் நிறம் விரைவில் கரையாமல் அது காக்கும். வெயில் காலத்தில் தீட்டி, மழை கரைத்ததும் மறுபடி தீட்டுவது மரபு. சிமென்ட் வீடுகள் பெருகியபோது இந்தக் கலை மங்கத் தொடங்கியது. 1997இல் ஊர்ப் பெண்கள் சேர்ந்து மட்பாண்டத்துக்கும் ஓவியத்துக்கும் ஒரு சங்கம் அமைத்து, கற்றுக்கொடுப்பதையும் விற்பனையையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

போல்கடாங்கா நகருக்குத் தெற்கே டோங்கோ குன்றுகளில், டெங்சுக் என்ற ஊரில் தாலென்சி மக்களின் குகைக் கோயில் இருக்கிறது. ஆணோ பெண்ணோ, மேலாடையைக் கழற்றிய பிறகே குகைக்குள் ஏறலாம். பிரிட்டிஷ் படைகள் 1911இலும் 1915இலும் இந்தக் கோயிலை அழிக்கப் பார்த்தன, வழிபாடு நிற்கவில்லை. தென்கானாவிலிருந்துகூட நேர்த்திக்கடன் செலுத்த இங்கு ஆட்கள் வருகிறார்கள். சகாராவிலிருந்து ஹர்மாட்டன் காற்று வீசும் மாதங்களில் குன்றின் பாறை இடுக்குகள் சீழ்க்கை அடிக்கின்றன.

மண் பள்ளிவாசல்

வடகானாவில் இஸ்லாம் வணிகர்களோடும் கற்றறிந்தவர்களோடும் வந்தது. வந்த மதம் தன் பள்ளிவாசல்களை அங்கிருந்த மண்ணிலேயே கட்டிக்கொண்டது. லாராபங்காவில் இருக்கும் பள்ளிவாசல் அந்தக் கட்டடக்கலைக்குச் சான்று. வெள்ளை பூசிய மண்சுவர்கள், அடி பருத்து மேலே குறுகும் கூம்புத் தாங்குசுவர்கள், அவற்றிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகள் என்று தூரத்திலேயே தனித்துத் தெரியும். பூச்சு வேலைக்கு ஏறி நிற்கும் சாரமும் அந்தக் கட்டைகள்தாம். உள்ளே சில பேர் நின்று தொழும் அளவுக்கே இடம். பள்ளிவாசல் 1421இல் கட்டப்பட்டது என்பது ஊர் வழக்கு. அயூபா என்ற பெரியவர் ஈட்டி எறிந்து, அது விழுந்த இடத்தில் அடித்தளம் தோண்டினார் என்று கதை சொல்கிறார்கள். அவர் அடக்கமான இடம் என்று காட்டப்படும் பருத்த பாவோபாப் மரம் அருகிலேயே நிற்கிறது.

இந்தப் பள்ளிவாசலுக்கு 20ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது பழம்பெரும் கட்டடங்களைப் பராமரிக்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டிய செய்தி. 1970களில், பாதுகாப்பதாக நினைத்து மண்சுவரின் மேல் சிமென்ட் பூசினார்கள். மண்சுவர் மூச்சுவிடும் தன்மை கொண்டது. உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கியது. கட்டைகளைக் கரையான் அரித்தது. 2002இல் அடித்த ஒரு புயலில் கோபுரமும் மிஹ்ராப் என்ற தொழுகை மாடமும் சரிந்தன. அதன் பிறகு உலக நினைவுச்சின்னங்கள் நிதியத்தின் உதவியோடு சிமென்ட்டைச் சுரண்டி எடுத்து, மண்பூச்சை மீண்டும் போட்டார்கள். ஊரில் மூத்தவர்களிடம் எஞ்சியிருந்த பூச்சு நுட்பம் இளையவர்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. ஆண்டுதோறும் ஊரே கூடிப் பூசுவதுதான் மண் கட்டடத்தின் பாதுகாப்பு.

லாராபங்காவிலிருந்து சில கிலோமீட்டரில் மோலே தேசியப் பூங்கா. 1971இல் தேசியப் பூங்காவான இந்தக் காட்டின் பரப்பு 4,500 சதுர கிலோமீட்டருக்கும் மேல், நாட்டிலேயே பெரியது. செங்குத்தான மேட்டில் நின்று கீழே பார்த்தால் யானைகள் குளத்தில் இறங்குவது தெரியும். காவலரோடு நடந்தே காட்டுக்குள் செல்ல அனுமதி இருப்பது இதன் தனிச்சிறப்பு. நவம்பர் முதல் மார்ச் வரை, மற்ற நீர்நிலைகள் வற்றும்போது, விலங்குகளைக் காண்பது எளிது.

வடக்கின் பெரிய நகரான தமாலே வட்டாரத்தின் உடை ஃபுகு என்ற அங்கி. கைத்தறியில் குறுகிய பட்டைகளாக நெய்து, ஒன்றோடொன்று தைத்துத் தொளதொளவென்று அணிவது. நபிகள் பிறந்த மாதத்தில் வரும் டாம்பா திருவிழாவில் ஆண்கள் சுழன்று ஆடும்போது அங்கியின் அடிப்பாகம் குடைபோல் விரியும். 1957 மார்ச் 6 பிறந்த நள்ளிரவில் குவாமே என்க்ருமா கானாவின் விடுதலையை அறிவித்தபோது அணிந்திருந்ததும் வடக்கின் இந்த அங்கியைத்தான். தெற்கே பிறந்த தலைவர் எடுத்த அந்த முடிவை வடக்கு மறக்கவில்லை. ஷியா வெண்ணெய் இங்குள்ள பெண்களின் தொழில். பொறுக்கிய கொட்டைகளை அவித்து, உலர்த்தி, வறுத்து, அரைத்து, நீர்விட்டுக் கையால் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். வெண்மையாகத் திரண்டு மேலே மிதப்பதை எடுத்துக் காய்ச்சினால் வெண்ணெய். உலகின் பல அழகுசாதனப் பொருள்களுக்குப் பின்னால் இந்தக் கைகள் இருக்கின்றன.

சலாகாவிலிருந்து வோல்டா வரை

தமாலேக்குத் தென்கிழக்கே சலாகா, ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் பெரிய சந்தைகளுள் ஒன்று. தெற்கே அசாந்தி அரசின் காட்டில் விளைந்த கோலாக் கொட்டை வடக்கே ஹவுசா நாட்டுக்குப் போனது. வடக்கிலிருந்து கால்நடை, துணி, தோல், மனிதர்கள் வந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் அடிமை வணிகம் தடை செய்யப்பட்ட பிறகும் சலாகாவில் ஆள்விற்பனை நடந்தது. கொண்டுவரப்பட்டவர்களை விற்பனைக்கு முன் குளிப்பாட்டத் தோண்டிய கிணறுகள் பாறையில் இன்னும் இருக்கின்றன. இன்றைய சலாகா அமைதியான சிற்றூர். பார்க்க வருபவருக்கு ஒரு பலகையும் சில கிணறுகளும் சந்தைத்திடலும்தான். அரசு செலவழிக்க வேண்டிய இடங்களில் இதற்கே முதலிடம்.

சலாகாவிலிருந்து தெற்கே போகும் பழைய வழியின் ஒரு பகுதி இப்போது நீருக்கடியில் கிடக்கிறது. அகோசோம்போவில் வோல்டா ஆற்றின் குறுக்கே 1961இல் தொடங்கிய அணை வேலை 1965இல் முடிந்தது. 1966 ஜனவரியில் திறப்பு விழா. தேங்கிய நீர் சுமார் 8,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து, பரப்பளவில் உலகின் மிகப்பெரிய செயற்கை ஏரிகளுள் ஒன்றாயிற்று. ஏறக்குறைய 80,000 பேர் ஊரைவிட்டு எழுப்பப்பட்டு 52 புதிய குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டார்கள். கேட்டே கிராச்சியின் பழைய ஊர் முழுகிப்போனது. நாட்டின் விளக்குகள் அந்த அணையால் எரிந்தன. முழுகிய ஊர்களின் கோயில்களும் இடுகாடுகளும் எந்தச் சுற்றுலா வரைபடத்திலும் இல்லை.

ஏரிக்குக் கிழக்கே டோகோ எல்லையை ஒட்டிய மலைநாடு ஏவே மக்களின் நிலம். வ்லி அருவியும் 885 மீட்டர் உயரமுள்ள அஃபாஜா மலையும் இங்குள்ளன. தாஃபி அதோமே ஊரில் மோனா குரங்குகள் புனிதமானவை. கடலோரத்தில் கேட்டா நகரைக் கடல் ஆண்டாண்டாக அரித்துவருகிறது; 1784இல் டேனிஷ்காரர்கள் கட்டிய பிரின்சன்ஸ்டைன் கோட்டையின் ஒரு பகுதியையும் அது விழுங்கிவிட்டது. அன்லோகாவில் நவம்பர் முதல் சனிக்கிழமை ஹொக்பெட்சோட்சோ விழா. கொடுங்கோல் மன்னனிடமிருந்து தப்பிய முன்னோர்கள், தடம் பார்த்துத் துரத்துபவர்களை ஏமாற்றப் பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார்கள் என்ற வரலாற்றை அவ்விழா நினைவுகூர்கிறது.

ஏரிக்கு மேற்கே போவாபெங், ஃபியேமா என்ற இரட்டை ஊர்களில் குரங்குகள் தெய்வத்தின் பிள்ளைகள். இறந்தால் மனிதர்களுக்குப்போல் அடக்கம் செய்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் பழைய விலக்கை மதிக்காத சிலர் வேட்டையாடத் தொடங்கியதும், ஊர் மக்கள் வனத்துறையை நாடினார்கள். 1975இல் உள்ளாட்சிச் சட்டமாகவே தடை வந்தது. வழக்கமும் சட்டமும் கைகோத்தபோது கறுப்பு வெள்ளை கொலோபஸ் குரங்குக் கூட்டம் பிழைத்தது. பாகாவின் முதலைகளும் இந்தக் குரங்குகளும் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன: கானாவில் இயற்கைப் பாதுகாப்பு அரசாணைக்கு முன்பே ஊர்க்கட்டுப்பாடாக இருந்தது.

அசாந்தியின் தலைநகர்

குமாசி அசாந்தி அரசின் இதயம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓசேய் டுட்டு என்ற தலைவரும் அவருடைய குருவான ஓகோம்ஃபோ அனோச்சேயும் சிதறிக் கிடந்த அகான் குறுநாடுகளைச் சேர்த்து இந்த அரசை நிறுவினார்கள். வானிலிருந்து பொன்னிருக்கை ஒன்று இறங்கி ஓசேய் டுட்டுவின் மடியில் அமர்ந்தது என்பது மரபு. மக்கள் அனைவரின் உயிரும் அதில் உறைகிறது. அரசரும் அதில் உட்காருவதில்லை. இருக்கைக்கே தனி இருக்கை உண்டு. வெள்ளிக்கிழமை வந்ததால் அதற்கு கோஃபி என்ற பெயர். அகான் மக்கள் எந்தக் கிழமையில் பிறந்தார்களோ அந்தக் கிழமையின் பெயரைச் சுமப்பது வழக்கம்.

இந்த இருக்கைக்காக ஒரு போரே நடந்தது. 1896இல் மன்னர் முதலாம் பிரெம்பேவைப் பிரிட்டிஷார் பிடித்து நாடு கடத்தினார்கள். பிறகு சேஷெல்ஸ் தீவுகளில் வைத்தார்கள். 1900இல் ஆளுநர் ஃபிரெடெரிக் ஹாட்ஜ்சன் குமாசிக்கு வந்து, தான் அமரப் பொன்னிருக்கையைக் கொண்டுவரச் சொன்னார். எஜிசுவின் அரசத்தாய் யா அசாந்தேவா படை திரட்டினார். போரில் அசாந்தி தோற்றது. யா அசாந்தேவா சேஷெல்ஸுக்கு அனுப்பப்பட்டு 1921இல் அங்கேயே இறந்தார். ஆனால் இருக்கை பிரிட்டிஷாரின் கைக்குச் சிக்கவே இல்லை. 1924இல் திரும்பிவந்த பிரெம்பேவுக்காகப் பிரிட்டிஷ் அரசு மன்ஹியா மாளிகையைக் கட்டியது. செலவுத் தொகையை அசாந்தி மக்கள் செலுத்தி முடித்த பிறகே மன்னர் அதில் குடியேறினார். அது 1995 முதல் அருங்காட்சியகம்.

அந்த அருங்காட்சியகத்துக்கு 2024 முக்கியமான ஆண்டு. 1874இல் பிரிட்டிஷ் படை குமாசியைச் சூறையாடியபோது அரண்மனைத் தங்கம் லண்டனுக்குப் போனது. 150 ஆண்டுகளுக்குப் பிறகு, லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து 15 பொருள்களும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலிருந்து 17 பொருள்களும் மன்ஹியாவுக்கு வந்தன. வந்தது கடனாக. மூன்று ஆண்டு, வேண்டுமானால் இன்னும் மூன்று ஆண்டு என்பது ஒப்பந்தம். தேசியச் சேகரிப்பிலிருந்து பொருள்களை நிரந்தரமாகக் கொடுக்கப் பிரிட்டிஷ் சட்டம் இடம் தரவில்லை என்று காரணம் சொல்லப்படுகிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபௌலர் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த ஏழு பொருள்களை நிபந்தனையின்றி நிரந்தரமாகவே திருப்பிக் கொடுத்தது. கொள்ளையடித்த பொருளை உரியவருக்கே கடன் கொடுப்பது முறையாகாது. சட்டம் தடை என்றால் சட்டத்தைத் திருத்துவதுதான் வழி.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறன்று அக்வாசிடே நாள் வருகிறது. அசாந்திஹேனே எனப்படும் மன்னர் இரண்டாம் ஓசேய் டுட்டு பெரிய வண்ணக் குடைகளின் கீழ் அமர்கிறார். 1999இல் பட்டமேற்றவர் அவர். ஃபொன்டோம்ஃப்ரோம் பேரிகைகள் முழங்க, தங்கக் காப்புகளும் பொற்பிடி வாள்களும் ஏந்தியவர்கள் சூழ, தலைவர்கள் வரிசையாக வந்து வணங்குகிறார்கள். அயலவர்களும் இதைக் காணலாம். கானா குடியரசு, ஆனாலும் குடிவழித் தலைவர்களின் நிறுவனத்துக்கு அரசியல் சட்டத்தில் உறுதி உண்டு. நிலத்தகராறு, வாரிசுச் சிக்கல் என்று மன்ஹியாவுக்கு வருகிற வழக்குகள் இன்றும் ஏராளம்.

குமாசியின் வடகிழக்கே பழைய அசாந்திக் கட்டடங்களில் எஞ்சிய பத்து, 1980இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பத்துமே கோயில்கள். முற்றத்தைச் சுற்றி நான்கு அறைகள், மண்சுவரில் சுருளும் கொடிகளும் பறவைகளும் புடைப்பாகச் செதுக்கியிருக்கும். எஜிசுவுக்கு அருகே பெசேயாசேயில் உள்ளதைப் பார்ப்பது எளிது. அசாந்தி நகரங்கள் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தன. 19ஆம் நூற்றாண்டுப் போர்களும் தீயும் மழையும் போக எஞ்சியது இவ்வளவே.

நகருக்குத் தென்கிழக்கே போசும்ட்வி ஏரி. சுமார் 10.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியதால் ஆன பள்ளத்தில் நீர் நிறைந்து, ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் அகலமுள்ள வட்டமான ஏரி. இறந்தவர்களின் உயிர் இங்கு வந்து ட்வி தெய்வத்திடம் விடைபெறும் என்பது அசாந்தி நம்பிக்கை. உலோகம் நீரைத் தொடக்கூடாது என்ற விலக்கால், மீனவர்கள் தட்டையான மரப்பலகையில் படுத்துக் கையால் துழாவியே மீன்பிடித்தார்கள். 2016இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக்கியது.

கெந்தே

போன்விரே குமாசிக்கு அருகில் உள்ள நெசவாளர் ஊர். கானாவின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்ற கெந்தே துணி இங்கே பிறந்ததாக அசாந்தி மக்கள் சொல்கிறார்கள். சிலந்தி வலை பின்னுவதைக் காட்டில் கண்டு இருவர் நெசவு கற்றார்கள் என்பது கதை. ஏவே மக்களுக்கும் தங்கள் கெந்தே உண்டு. அதில் மனிதர், விலங்கு, பொருள்களின் உருவங்கள் ஊடாக வரும். யார் முதல் என்ற வாதம் தீர்வதில்லை.

தறி குறுகலானது. நெசவாளர் உட்கார்ந்திருக்க, பாவு அவருக்கு முன்னால் பல அடி தூரம் நீண்டு, கல் பாரம் ஏற்றிய ஒரு பலகையில் கட்டியிருக்கும். நெய்ய நெய்ய அந்தப் பலகை தரையில் இழுபட்டு நெருங்கி வரும். கால்விரல்களுக்கு இடையே கயிறு. அதை மாற்றி மாற்றி இழுத்தால் விழுதுகள் ஏறி இறங்கும். நெய்து வருவது நாலு அங்குலம் அகலமுள்ள பட்டை. ஓர் ஆண் போர்த்துக்கொள்ளும் அளவுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பட்டைகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைக்க வேண்டும். ஒவ்வொரு வடிவுக்கும் பெயர் உண்டு, சிலவற்றை அரசர் மட்டுமே அணியலாம் என்ற கட்டுப்பாடும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொண்டுவந்த பட்டுத்துணியைப் பிரித்து, அந்த இழைகளை எடுத்து நெய்தார்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ கெந்தே நெசவை மனித குலத்தின் அருவமான பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. சந்தையில் குவியும் அச்சடித்த மலிவுப் போலிகளுக்கு எதிராக நெசவாளருக்குக் கிடைத்த முக்கியமான ஆதரவு இது. போன்விரேயில் வாங்குபவர்கள் துணியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்; நெய்ததென்றால் அங்கும் வண்ணம் தெரியும்.

அருகிலுள்ள ந்டோன்சோவில் அடிங்க்ரா துணி. மரப்பட்டையை இடித்து மணிக்கணக்கில் காய்ச்சிய கறுப்புச் சாயத்தில், சுரைக்குடுவை ஓட்டில் செதுக்கிய அச்சைத் தோய்த்துத் துணியில் பதிக்கிறார்கள். முதலில் இது துக்க வீட்டுக்கு அணியும் துணி. தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் பறவை, ஒட்டிப் பிறந்த இரண்டு முதலைகள் போன்ற சின்னங்கள் இன்று நாற்காலியிலும் பணத்தாளிலும் தேவாலயச் சுவரிலும் இருக்கின்றன.

துணியின் கதையில் தமிழகக் கரைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சோழமண்டலக் கடற்கரையில் நெய்த நீண்ட பருத்தித் துணிகளுக்கு ஐரோப்பிய வணிகக் கணக்குகளில் கினித் துணி என்றே பெயர். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டினார்கள். 1637இல் கானாவின் எல்மினாவைப் பிடித்தார்கள். சோழமண்டலத் துணி ஆம்ஸ்டர்டாமில் விலைபோய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்று, தங்கத்துக்கும் மனிதர்களுக்கும் மாற்றுப்பொருளாயிற்று. அதே பழவேற்காட்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் தமிழ், தெலுங்கு மக்களும் அடிமைகளாகப் படாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள்.

கோட்டைகள்

குமாசியிலிருந்து தெற்கே வரும் சாலையில் அசின் மான்சோ. கடலுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் இருக்கும்போது, நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களுக்குக் கடைசிக் குளியல் அங்குள்ள ஆற்றில்தான். பிறகு எண்ணெய் பூசி, விலைக்கு நிறுத்தி, கோட்டைக்கு அனுப்பினார்கள். 1998இல் அமெரிக்காவிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் அடிமைகளாக இருந்த இருவரின் எச்சங்கள் கொண்டுவரப்பட்டு இங்கே அடக்கம் செய்யப்பட்டன. போன வழியிலேயே அவர்கள் திரும்பியதாக அந்தச் சடங்கு அமைந்தது. ஆற்றங்கரையில் காலணியைக் கழற்றிவிட்டே நடக்கிறார்கள்.

கானாவின் கடற்கரையில் 1482 முதல் 1786 வரை போர்ச்சுக்கீசியர், டச்சு, ஆங்கிலேயர், டேனிஷ், ஸ்வீடன், பிராண்டன்பர்க் ஜெர்மானியர் என்று பலர் வணிகக் கோட்டைகளைக் கட்டினார்கள். எஞ்சியவை 1979இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. இவ்வளவு நெருக்கமாக ஐரோப்பியக் கோட்டைகள் நிற்கும் கரை ஆப்பிரிக்காவில் வேறில்லை.

எல்மினாவின் சாவோ ஜோர்ஜ் கோட்டை முதலாவது. டியோகோ டி அசாம்புஜா தலைமையில் வந்த போர்ச்சுக்கீசியர், செதுக்கிய கற்களையே கப்பலில் கொண்டுவந்து கட்டினார்கள். 1637இல் டச்சு, 1872இல் பிரிட்டன் என்று கை மாறியது. பெண்கள் அடைபட்ட நிலவறைகளை ஒட்டி ஒரு முற்றம். முற்றத்தை நோக்கி ஆளுநரின் மாடம். அங்கு நின்று அவர் பெண்ணைத் தேர்ந்தெடுப்பார். இதை வழிகாட்டிகள் குரல் உயர்த்தாமல் சொல்கிறார்கள். 1831 முதல் 1872 வரை சுமார் 3,000 ஆப்பிரிக்கர்களை டச்சு அரசு இங்கிருந்து தன் ஜாவாப் படைக்குச் சேர்த்தது. திரும்பியவர்கள் குடியேறிய மேடு ஜாவா மலை என்றே அழைக்கப்படுகிறது.

கேப் கோஸ்ட் கோட்டை 1653இல் ஸ்வீடன்காரர்கள் தொடங்கியது. 1660களில் ஆங்கிலேயர் கைக்கு வந்து, 1877இல் அக்ரா தலைநகராகும்வரை அவர்களின் ஆட்சியிடமாக இருந்தது. ஆண்களின் நிலவறைக்கு நேர் மேலே தேவாலயம். நூற்றுக்கணக்கானவர்கள் வாரக்கணக்கில் அடைபட்டிருந்த அறைகளில் காற்றுக்குச் சுவரின் உச்சியில் சிறு துளைகள் மட்டும். கடலைப் பார்த்த கடைசிக் கதவு, திரும்பாத வாசல் எனப்படுகிறது. வெளியே வந்தால் இன்று மீனவர்கள் வலை உலர்த்துகிறார்கள், பிள்ளைகள் பந்து ஆடுகிறார்கள். கதவின் வெளிப்பக்கம், கடலிலிருந்து வருபவர் படிக்கும்படி, திரும்பும் வாசல் என்று எழுதியிருக்கிறது. 2009 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஒபாமா குடும்பத்துடன் இங்கு வந்தார். ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவில் இறக்கப்பட்ட 1619இன் 400ஆம் ஆண்டு நிறைவாக 2019ஐத் ‘திரும்பும் ஆண்டு’ என்று கானா அறிவித்தபோது, கடல் கடந்த வழித்தோன்றல்கள் பெருந்திரளாக வந்தார்கள்.

இந்தக் கரை துயரத்தின் கரை மட்டுமல்ல. ஃபான்டே மக்களின் அசாஃபோ என்ற படைக்கூட்டங்கள், கப்பல், சிங்கம், விமானம் எல்லாம் வைத்துக் கட்டிய போசுபான் கோயில்களை எல்மினாவிலும் அனோமாபூவிலும் தெருமுனையிலேயே காணலாம். செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போகக்கூடாது. அன்று கடல்தெய்வத்துக்கு ஓய்வு, வலை பழுதுபார்க்கும் நாள். எல்மினாவில் ஜூலை முதல் செவ்வாய் பகாடுவே விழா. கேப் கோஸ்ட்டில் செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஃபெட்டு அஃபாஹ்யே. வடக்கே ககும் காட்டில் மர உச்சிகளுக்கிடையே 1995இல் கட்டிய கயிற்றுப் பாலங்கள் ஏழு, மொத்தம் சுமார் 350 மீட்டர். மேற்குக் கோடியில், பெயின் அருகே, நீரின் மேல் கம்பங்களில் நிற்கும் ந்சுலேசோ ஊருக்குப் படகில்தான் போக முடியும்.

அக்ரா

அக்ராவில் என்க்ருமாவின் நினைவிடம், விடுதலையை அறிவித்த அதே திடலில் இருக்கிறது. அமெரிக்க அறிஞர் டு பாய்ஸ் கடைசிக் காலத்தில் கானாவில் வாழ்ந்து 1963இல் இறந்தார்; அவர் வீடு நினைவகம். கா மக்களின் பழைய குடியிருப்பான ஜேம்ஸ்டவுனில் கலங்கரை விளக்கமும் மீன்பிடி துறையும் குத்துச்சண்டைக் கூடங்களும் நெருங்கிக் கிடக்கின்றன. ஹோமோவோ விழாவுக்கு முன் சுமார் ஒரு மாதம் நகரில் மேளமும் இரைச்சலும் தடை. விதைத்தது அமைதியாக முளைக்க வேண்டும். பிறகு மக்காச்சோள மாவும் பனை எண்ணெயும் சேர்த்துச் செய்த க்போக்போயை முன்னோர்களுக்குத் தெருவில் தூவுகிறார்கள். டெஷியில் தச்சர்கள் செய்யும் சவப்பெட்டிகள் இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்பவை: மீனவருக்கு மீன், கோகோ விவசாயிக்குக் கோகோக் காய், ஓட்டுநருக்கு லாரி.

கோகோவின் ஊர் அக்ராவுக்கு வடக்கே மலைமேல் மாம்போங். டெட்டே குவார்ஷி 1879இல் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து கொண்டுவந்த விதைகளை அங்கு நட்டார். உலகின் முன்னணிக் கோகோ நாடுகளில் ஒன்றாகக் கானா வளர்ந்தது அதிலிருந்துதான். இப்போது அந்தத் தோட்டங்களையும் பிரா, அங்கோப்ரா ஆறுகளையும் கலாம்சே என்ற சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்கள் கெடுத்துவருகின்றன. பல இடங்களில் ஆற்றுநீர் சேற்று நிறத்தில் ஓடுகிறது. அரசு இதை நிறுத்தாவிட்டால், ஊர்க்கட்டுப்பாடு நூற்றாண்டுகளாகக் காத்த காடும் நீரும் ஒரு தலைமுறையில் போய்விடும்.

கானாவுக்குச் செல்ல இந்தியர்களுக்கு விசாவும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் கட்டாயம். நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். ஹர்மாட்டன் புழுதிக்கு முகத்துணி வைத்துக்கொள்ளலாம். அக்ராவிலிருந்து தமாலேக்கு உள்நாட்டு விமானம் ஒரு மணி நேரத்தில் போகிறது. செல்பவர்கள் முதல் நாளே அதில் ஏறி வடக்கே போய், பாகாவிலிருந்து சாலை வழியாகத் தெற்கே இறங்கி, எல்மினாவில் பயணத்தை முடிக்கும்படி திட்டமிட வேண்டும்.